பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள்: வாசகர் கேள்வி–பதில்

போன மாதம் பழைய வால்வு ரேடியோக்களை, அதாவது உள்ளே கண்ணாடிக் குழாய்கள் எரியும் ரேடியோக்களைப் பற்றி எழுதியதும் கடிதங்கள் வந்தன. எப்படிப் பழுது பார்ப்பது என்று கேட்பார்கள் என நினைத்தேன், இல்லை. சாமான் ஒரு ஊரில் இருக்கிறது, அதைக் கேட்கும் பிள்ளையோ வாங்குகிறவரோ வேறு ஊரில் இருக்கிறார், நடுவில் ஒரு லோரி ஓடுகிறது, அந்த லோரிக்குள் என்ன நடக்குமோ என்பதுதான் எல்லாருக்கும் பயம். நியாயமான பயம். அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

ஆயர் ஈத்தாம், பினாங்கிலிருந்து ஒரு வாசகி: ஐயா, அம்மா தைத்த சிங்கர் கால்மிதி மிஷின் எங்களிடம் இருக்கிறது. அம்மா போன பிறகு யாரும் தொடுவதில்லை. ஜொகூர் பாருவில் இருக்கும் தங்கை கேட்கிறாள். கொரியர்க்காரர், “சுத்திக் கட்டிக் கொடுங்க, நாங்க கொண்டுபோய்ச் சேத்துடுறோம்” என்கிறார். கொடுக்கலாமா?

அப்படியே கொடுக்காதீர்கள் அம்மா. இரும்பு மிஷின்தானே, அதற்கு என்ன ஆகிவிடும் என்று நாம் எல்லாருமே நினைக்கிறோம். அது வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கைதவறி விழுந்த தோசைக்கல் இரண்டாகப் போனதை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள், அதே இரும்புதான் இது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். மிஷினின் தலைப்பகுதி மட்டும் சுமார் 14 கிலோ என்று வையுங்கள். லோரியிலிருந்து இறக்கும்போது இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது ஒரு 75 சென்டிமீட்டரிலிருந்து, பெட்டி விழுகிறது. அடியில் நல்ல நுரைமெத்தை இருந்து அது 2.5 சென்டிமீட்டர் அமுங்கி மிஷினை நிறுத்தினால், 75-ஐ 2.5-ஆல் வகுக்க 30. அதாவது அந்தக் கணத்தில் மிஷின் தன் எடையைப் போல் சராசரியாக 30 மடங்கு, 420 கிலோ போல, தன் மேலேயே அழுத்துகிறது. மெத்தை இல்லாமல் வெறும் அட்டைதான், அரை சென்டிமீட்டர்தான் அமுங்கும் என்றால் 150 மடங்கு. 2,100 கிலோ! ஒரு கார் எடையைவிட அதிகம். கனமான சாமானுக்கு அதன் கனமே எதிரி என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான். அது விழுந்து நிற்கிற தூரத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நல்லது, பொட்டலம் கட்டுகிற வேலை முழுக்க அதுதான்.

சரி, செய்ய வேண்டியது. முதலில் தலையை மேசையிலிருந்து பிரியுங்கள். தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தலையைப் பின்பக்கமாகச் சாய்த்தால் கீல் இருக்கும் இடத்தில் அடியில் இரண்டு திருகாணிகள் தெரியும். அவற்றைத் தளர்த்தினால் தலை அப்படியே மேலே தூக்க வரும். சாய்க்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், 14 கிலோ விரல்மேல் விழுந்தால் சும்மா இருக்காது. ஊசியை எடுங்கள், பாபினையும் அதன் கூட்டையும் எடுங்கள், பாபினை மூடி நழுவும் அந்தச் சின்ன இரும்புத் தகட்டையும் எடுத்துத் தனியாகப் பையில் போடுங்கள், வழியில் நழுவித் தொலைவதில் முதலிடம் அதற்குத்தான். துணி அமுக்கும் பாதத்தின் அடியில் ஒரு துணி மடிப்பு வைத்து இறக்கிவிடுங்கள்.

அப்புறம் கைச்சக்கரம். பெட்டிக்குள் மிஷின் ஒரு பக்கம் சரிந்தால் முதலில் அடிவாங்குவது வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சக்கரம்தான். அதைச் சுற்றி வளையமாக நுரை வெட்டி வையுங்கள், சக்கரத்தின் விளிம்பு பெட்டிச் சுவரைத் தொடவே கூடாது. மேலே நூல்கட்டை குத்தும் கம்பியும் அப்படித்தான், கழற்ற வந்தால் கழற்றுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: மிஷின் உடம்பில் இருக்கும் தங்கப் பூ வேலைப்பாட்டின் மேல் டேப் ஒட்டாதீர்கள், பபுள் ரேப்பையும் நேராகச் சுற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடிய லோரிக்குள் இரண்டு நாள் கிடந்தால் அந்தக் குமிழி வட்டம் வட்டமாகப் பூச்சில் அச்சாகிவிடும். முதலில் பழைய பருத்திப் புடவைத் துண்டு, அம்மாவுடையதாகவே இருந்தாலும் பரவாயில்லை, அதற்கு மேல்தான் மற்றதெல்லாம்.

மேசையும் இரும்புக் கால்களும் கொரியர் சாமானே இல்லை. தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஜொகூர் பக்கம் போகிற வேனோ லோரியோ பாருங்கள். தலை மட்டும் உங்கள் காரில், பின் இருக்கைக்குக் கீழே காலடியில் வைத்துப் போனால் மேலே எழுதிய பாதி வேலை மிச்சம்.

பெயர் போடவில்லை, கோலாலம்பூர்: “உடையும், கவனம்” என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் உபயோகம் உண்டா?

மனிதன் கையில் எடுக்கும்போது உண்டு. பெட்டி பாதி வழி போவது கன்வேயர் பெல்ட்டில், அதற்குப் படிக்கத் தெரியாது. ஒட்டுங்கள், ஆனால் ஒட்டாத மாதிரி பேக் பண்ணுங்கள்.

செந்தூலிலிருந்து: அண்ணே, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டுச் சுழற்றும் மிஷின், ஒன்றை கூச்சிங்கில் ஒருவர் வாங்குகிறார். ஒரிஜினல் பெட்டி இல்லை. அப்படியே மூடிய நிலையில் சுற்றி அனுப்பினால் போதுமா? யூடியூப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தம்பி, “அப்படியே மூடிய நிலையில்” என்ற மூன்று வார்த்தைதான் பழைய டர்ன்டேபிள்களில் பாதியைக் கொன்றது.

இசைத்தட்டு உட்காரும் அந்தச் சுழலும் தட்டைக் கழற்று. இந்த மாடலில் நேராக மேலே தூக்கினாலே வந்துவிடும், அடியில் மோட்டாரின் காந்தம் இருக்கும், ஆகவே தட்டைக் கவிழ்த்து எதன் மேலும் போடாதே, இரும்புத் துகள் ஒட்டும். தட்டை அதன் தண்டின் மேலேயே விட்டு அனுப்பினால் பெட்டி விழும் ஒவ்வொரு முறையும் அந்த எடை முழுவதும் ஒரு மெல்லிய தண்டின் மேல் இடிக்கிறது. அப்புறம் வாங்கியவர் “தட்டு ஆடுது அண்ணே” என்று உனக்குத்தான் போன் போடுவார்.

ஊசி இருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்று. பின்னால் இருக்கும் எதிர்எடையைக் கழற்று. ஊசியைத் தாங்கும் அந்த நீளக் கையை அதன் தாங்கியில் பூட்டி, அதற்கு மேல் ரொட்டிப் பொட்டலத்தில் வருகிற பிளாஸ்டிக் உறை கம்பியால் ஒரு கட்டு. ரப்பர் பேண்ட் வேண்டாம், நம் சூட்டில் அது உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். மூடி தனி. மூடியைக் கீலோடு விட்டு அனுப்பியவர்களில் முழுசாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இரண்டு பெட்டி முறை. உள்பெட்டியில் டர்ன்டேபிள் அசையாமல் இருக்க வேண்டும், உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில் ஆறு பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் நுரை. தட்டை உள்பெட்டியின் அடியில் தனி அட்டையோடு படுக்க வை, அதன் மேல் இன்னொரு தடுப்பு, அதன் மேல் உடம்பு. மேலே தட்டு அடியில் உடம்பு என்று மாற்றி வைத்துவிடாதே.

சின்னச் சின்ன போலிஸ்டிரீன் உருண்டைகளைக் கொட்டி நிரப்புகிறார்களே, அது கண்ணாடிக் கோப்பைக்குச் சரி. 12 கிலோ சாமான் ஆட ஆட அதன் நடுவே மெல்ல மெல்ல அடிக்கு இறங்கி, கூச்சிங் போய்ச் சேரும்போது அட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வெள்ளைப் போலிஸ்டிரீன் பலகை ஒரு அடிதான் தாங்கும், அமுங்கினால் திரும்பி எழாது. கொஞ்சம் வழுவழுப்பாக, அமுக்கினால் திரும்பி எழுகிற நுரைப்பலகை இருக்கிறது, டிவி பெட்டிக்குள் மூலையில் வருவது. மின்சாமான் கடைக்காரர்கள் தூக்கித்தான் போடுகிறார்கள், சிரித்த முகத்தோடு கேட்டால் அள்ளிக் கொடுப்பார்கள்.

முடித்து டேப் ஒட்டும் முன் பெட்டியைத் தூக்கிக் குலுக்கு. உள்ளே ஏதாவது ‘டொக்’ என்றால் திற. சத்தமே வராத வரைக்கும் திற, நிரப்பு, குலுக்கு. இதைவிட நல்ல சோதனை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இது மோட்டாரே தட்டை நேராகச் சுற்றும் மாடல், சுலபம். தோரன்ஸ் டிடி160 மாதிரி ஸ்பிரிங்கில் தொங்குகிற டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் பயணத்தில் ஆடாமல் பூட்டும் பயணத் திருகாணியை இறுக்காமல் வாசல்படியைத் தாண்டக் கூடாது. பழைய கேரார்ட் 301-இல் மோட்டாரே ஸ்பிரிங்கில்தான் தொங்குகிறது. அதை அசையாமல் அடியில் நுரையால் தாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஜாலான் ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்: என் பார்சல் 11 கிலோதான், தராசில் நானே நிறுத்தேன். 24 கிலோவுக்குக் காசு வாங்கிவிட்டார்கள். ஏமாற்றா?

இல்லை ஐயா. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், சில இடங்களில் 6000. உங்கள் பெட்டி 60, 50, 40 என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 1,20,000. வகுத்தால் 24. நிஜ எடையா, இந்தக் கணக்கு எடையா, எது அதிகமோ அதற்குக் காசு. இரண்டு பெட்டி முறை சொன்னால் முகம் சுளிப்பது இதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் நுரை என்றால் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். அந்தப் பத்துக்குக் கொடுக்கிற வெள்ளியைக் கணக்குப் பார்க்காதீர்கள், சாமான் போனால் கணக்கே வேறு.

ஜெலுத்தோங், பினாங்கிலிருந்து: தாத்தா வாங்கிய மரப்பெட்டி வால்வு ரேடியோ, பிலிப்ஸ். ஊசியைத் திருப்பினால் கண்ணாடியில் ஊர்ப் பெயர்களாக ஓடும். கோலாலம்பூரில் பழுது பார்க்க ஒருவர் கிடைத்திருக்கிறார். ஐயா, உள்ளே எதையும் தொடாமல் அனுப்பலாமா? தொட பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் வீட்டு ரேடியோ ஞாபகம் வந்துவிட்டது. 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கிய காலத்திலிருந்து இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு முன்னால்தான் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தமிழ் கேட்டார்கள். மேலே ஒரு பின்னல் துணி, அதற்கு மேல் சாமி படம் அல்லது கல்யாணப் படம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தப்பு ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரை பினாங்குக்கு எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். வெளியே பிரமாதமாகப் பேக் பண்ணியிருந்தேன், பபுள் ரேப் மட்டும் ஒரு தலையணை அளவு. அங்கே இறங்கியபோது பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. திறந்தால் உள்ளே கண்ணாடித் தூள். வால்வுகளைக் கழற்றாமலே விட்டிருந்தேன், அதற்குமேல் டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டும் தளர்ந்திருந்ததைப் பார்க்கவில்லை, அது ஒரு பக்கம் சாய்ந்து, அடித்த தகரத்தையே வளைத்துக்கொண்டு இரண்டு வால்வுகளை நசுக்கிவிட்டது. பஸ்காரரைத் திட்டத்தான் ஆசை, ஆனால் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் பெட்டியைத்தான் பாதுகாத்தேன், பெட்டிக்குள் இருந்ததை இல்லை.

ஆகவே தொட்டுத்தான் ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கி இரண்டு நாள் சும்மா விடுங்கள், அந்தக் கப்பாசிட்டர்கள் கரண்ட்டைத் தேக்கி வைத்திருக்கும், உள்ளே இருக்கும் இரும்புத் தட்டின் அடிப்பக்கம் கையை விடவே வேண்டாம். பின் அட்டையைக் கழற்றுங்கள். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் தெரியும், அவைதான் வால்வுகள். முதலில் போனில் ஒரு படம் எடுங்கள், பிறகு காகிதத்தில் எந்த வால்வு எந்த இடம் என்று ஒரு படம் வரைந்து எண் போடுங்கள். ஒவ்வொன்றையும் நேராக, லேசாக ஆட்டி ஆட்டித் தூக்குங்கள், சிலதற்குத் தலையில் ஒரு தொப்பி ஒயரோடு இருக்கும், அந்தத் தொப்பியை முதலில் கழற்றுங்கள். கண்ணாடியில் அச்சிட்ட எழுத்தை விரலால் தேய்க்காதீர்கள், சிலது ஒரு துடைப்பில் அழிந்துவிடும், அப்புறம் அது என்ன வால்வு என்று அந்தத் தாத்தாவே வந்தாலும் சொல்ல முடியாது. மெல்லிய காகிதத்தில் ஒன்று ஒன்றாகச் சுற்றி, பிஸ்கட் டின்னில் பஞ்சு போட்டு, தனிப் பொட்டலம்.

முன்னால் இருக்கும் திருகுக் குமிழ்களைக் கழற்றுங்கள். பெட்டி முகம் குப்புற விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது அந்தக் குமிழ்தான், அது உள்ளே இருக்கும் தண்டை வளைத்துவிடும். இழுத்தால் வரும், வராவிட்டால் பக்கவாட்டில் சின்னத் திருகாணி இருக்கும்.

இப்போது பெட்டியைக் கவிழ்க்காமல், மரப்பெட்டியின் வெளி அடிப்பக்கத்தை மெதுவாகக் கையால் தடவிப் பாருங்கள், நாலு போல்ட் தென்படும். ரேடியோவின் இரும்புத் தட்டு முழுவதும் அந்த நாலில்தான் நிற்கிறது, நடுவில் ரப்பர் வளையம். எழுபது வருஷச் சூட்டில் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும், இல்லை தூளாகியிருக்கும். அது போயிருந்தால் இரும்புத்தட்டு ஆடும், ஆடினால் முன்னால் இருக்கும் ஊர்ப்பெயர்க் கண்ணாடியை இடிக்கும். அந்தக் கண்ணாடி இன்றைக்குக் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் உங்கள் மாடலுக்குக் கிடைக்காது. ரப்பர் போயிருந்தால் அந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டி நுழைத்து போல்ட்டை இறுக்குங்கள், பயணத்துக்கு மட்டும் அது போதும். கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் எழுத்துகள் பெயின்ட்டில் இருக்கும், அங்கே டேப்பும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம்.

ஒலிபெருக்கித் துணிக்கு முன்னால் ஒரு அட்டையை வெட்டி வையுங்கள், நுரை அமுக்கித் துணியை உள்ளே தள்ளாமல் இருக்கும். உள்ளே வால்வு இருந்த வெற்றிடத்தில் பழைய பேப்பரைத் திணிக்க ஆசை வரும். வேண்டாம். அங்கே ஊசியை இழுக்கும் நூலும் மெல்லிய கம்பிச் சுருள்களும் இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு பேப்பர் உருண்டையே யானை.

பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து, எல்லாவற்றையும் மூடி ஒரு பிளாஸ்டிக், அதற்கு வெளியேதான் நுரை. கோலாலம்பூரில் மத்தியானம் மூன்று மணி மழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அட்டைப்பெட்டி நனைந்தால் பத்து நிமிடத்தில் அடை மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்கிறேன்: பினாங்கிலிருந்து கோலாலம்பூர் 350 கிலோமீட்டர் போல. காரில் போகிறவர் யாராவது இருந்தால் அவர் மடியில் கொடுங்கள்.

சுபாங்கிலிருந்து ஒரு தம்பி: இங்கிலாந்திலிருந்து வாங்கிய குவாட் II ஆம்ப்ளிஃபையர் ஜோடி வந்து சேர்ந்துவிட்டது. பெட்டி ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. பிளக் போட்டுப் பார்த்துவிடவா?

கையை எடு. முதலில் பெட்டியோடு படம் எடு, நசுங்கிய மூலை, டேப், லேபிள், ஒவ்வொரு அடுக்கும் திறக்கத் திறக்க. காப்புறுதி கேட்கப் போனால் முதல் கேள்வி “பேக்கிங் எப்படி இருந்தது” என்பதுதான், பேக்கிங் சரியில்லை என்றால் பல இடங்களில் ஒரு வெள்ளிகூடத் தரமாட்டார்கள். பெட்டியையும் நுரையையும் வாரக்கணக்கில் வைத்திரு, அம்மா குப்பையில் போடச் சொன்னாலும்.

ராத்திரி முழுக்க ஹாலில் வைத்துவிடு. விமானத்தின் குளிரிலிருந்து வந்த இரும்பு நம் ஈரக்காற்றில் வியர்க்கும், ஐஸ் தண்ணி கிளாஸ் மாதிரி. காலையில் டிரான்ஸ்ஃபார்மர்களைக் கையால் ஆட்டிப் பார், குவாட் II-இல் சின்ன உடம்பில் அவ்வளவு கனமும் அவைதான், தகரம் வளைந்திருக்கிறதா பார். வால்வுகள் கேடி66 இரண்டு, இஎஃப்86 இரண்டு, ஜிஇசட்32 ஒன்று, ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையருக்கும் இப்படி. ஒவ்வொன்றின் உச்சியிலோ பக்கவாட்டிலோ வெள்ளி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது பால் மாதிரி வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போனது.

அப்புறம்கூட நேராகச் சுவர் பிளக்கில் வேண்டாம். 60 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து மெதுவாகக் கரண்ட் கொடுப்பார்கள், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஆம்ப்ளிஃபையர் தப்பிக்கும். இதை விவரம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்ச் செய், யூடியூப் பார்த்து நீயே செய்யாதே. ஜப்பானிலிருந்து வாங்குகிறவர்களுக்கும் சேர்த்து: அங்கே 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. பின்னால் இருக்கும் வோல்டேஜ் மாற்றியைப் பார்க்காமல் பிளக் போட்டால் கொரியரில் தப்பித்ததை நீயே எரித்துவிடுவாய்.

கிள்ளானிலிருந்து: தோட்டத்தில் படம் காட்டிய 16 எம்எம் புரொஜெக்டர் ஒன்று மாமாவிடம் இருக்கிறது, சில படச்சுருளும். ஈப்போவில் இருக்கும் என் மகன் கேட்கிறான். அதன் சொந்த மரப்பெட்டியிலேயே அனுப்பிவிடலாம் அல்லவா?

திடலில் வெள்ளைத்துணி கட்டி, பாதிப் பேர் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, கதாநாயகன் இடது கையால் சண்டை போட்டதைப் பார்த்த தலைமுறை நாம். அந்த மெஷினைப் பத்திரமாக அனுப்புங்கள்.

மரப்பெட்டி தூக்கிக்கொண்டு போகச் செய்தது, தூக்கிப் போடச் செய்ததில்லை. அதை அப்படியே இன்னொரு பெட்டிக்குள், சுற்றிலும் நுரையோடு வையுங்கள். பெரிய விளக்கையும், சத்தம் படிக்கிற சின்ன விளக்கையும், லென்ஸையும் கழற்றித் தனியாக. லென்ஸோடு சிலிகா ஜெல் கட்டாயம், நம் ஊரில் பூஞ்சை லென்ஸைத்தான் முதலில் தின்னும்.

படச்சுருளைப் புரொஜெக்டரோடு வைக்காதீர்கள், டின் உருண்டால் இரண்டும் போகும். 16 எம்எம் பிலிம் ஆரம்பத்திலிருந்தே சட்டென்று தீப்பற்றாத அசிட்டேட்டில் வந்தது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் டின்னைத் திறந்ததும் புளித்த காடி வாசம் வந்தால் அந்தச் சுருள் அழுக ஆரம்பித்துவிட்டது, அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். அதை மட்டும் தனிப் பெட்டியில் போடுங்கள், மகனிடமும் சொல்லிவிடுங்கள்.

செபராங் பிறையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தமிழ்த் தட்டச்சு மிஷின், ரெமிங்டன். பள்ளிக்கூடத்துக் காட்சிக்குக் கொடுக்கிறேன். எப்படிக் கட்ட?

வணக்கம் ஐயா. தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை அமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்தப் பக்கம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர், ஆகவே உங்கள் மிஷின் ஒரு வகையில் சொந்த ஊர்ப் பிள்ளைதான். காட்சி அட்டையில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

மேலே நகரும் வண்டியை நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்க ஓர நிறுத்திகளையும் அதன் பக்கத்திலேயே தள்ளி வையுங்கள். பூட்டும் நெம்பு இருந்தால் பூட்டுங்கள். அப்புறமும் நூல்கயிற்றால் வண்டியை உடம்போடு கட்டுங்கள். வண்டி அவிழ்ந்து ஒரு பக்கம் ஓடினால் அந்த இடியே மிஷினைக் கோணலாக்கிவிடும். விசைகளின் மேல் ஒரு கெட்டி அட்டை, எடை அதன் மேல் விழாதபடி. முழுவதையும் முதலில் பிளாஸ்டிக் பையில் போடுங்கள், இல்லாவிட்டால் நுரைத்தூள் எழுத்துக் கம்பிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஊசியால்தான் எடுக்க வேண்டிவரும்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து: பெரிய ஸ்பீக்கர் ஜோடி, ஒவ்வொன்றும் 30 கிலோ. பெர்த்துக்குக் கப்பலில். தச்சரிடம் சொல்லி மரப்பெட்டி செய்கிறேன், சரிதானே?

மரம் என்றதும் நின்றுவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான வெறும் அறுத்த மரம் இருந்தால், அதில் பூச்சி பரவாமலிருக்க ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி பக்குவம் செய்திருக்க வேண்டும். வழக்கமான முறை சூடாக்குவது, மரத்தின் உள்நடு வரைக்கும் 56 டிகிரி, 30 நிமிடம். செய்ததற்குக் கதிர் படம் போட்ட முத்திரை மரத்திலேயே குத்தியிருக்கும். ஆஸ்திரேலியாவில் பூச்சி விஷயத்தில் விளையாட முடியாது. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி கிடையாது, ஆகவே தச்சரிடம் முழுக்க ஒட்டுப்பலகையில் செய்யச் சொல்லுங்கள், மூலைக்குக் கொடுக்கிற சட்டத்தையும் சேர்த்து. பெரும்பாலும் மாட்டுவது அந்தச் சட்டத்தில்தான்.

ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, உள்ளே ஒலி எழுப்பும் கூம்பின் பின்னால் ஒட்டியிருக்கும் கருப்புக் காந்தம் ஒரே அடியில் பசைவிட்டு ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், சுருள் இறுகிக்கொள்ளும், அப்புறம் ஓசையே வராது. பெரிய கூம்புகளைக் கழற்றித் தனியாக அனுப்ப முடிந்தால் அப்படியே செய்யுங்கள். பெட்டியின் அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழைய இரண்டு கட்டை வையுங்கள். இரண்டு ஆள் தூக்க முடியாத பெட்டியை மிஷின்தான் தூக்கும், ஒரு ஆள் தூக்கக்கூடிய பெட்டியைத்தான் வீசுவார்கள்.

தைப்பிங்கிலிருந்து: அண்ணே, ரேடியோகிராம், ரேடியோவும் ரெக்கார்ட் பிளேயரும் ஒரே மரப்பெட்டியில் இருப்பது. அலமாரி அளவு. கோலாலம்பூருக்கு எந்தக் கொரியர்?

எதுவுமில்லை. லோரி பிடியுங்கள், பின்னால் ஏற்றிறக்கும் பலகை உள்ள லோரி. கால்களைத் திருகிக் கழற்றுங்கள், உள்ளே ரெக்கார்ட் மாற்றியின் பயணத் திருகாணியை இறுக்குங்கள், ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் எடுங்கள், 78 வேகத் தட்டுகளைத் தனிப் பெட்டியில் நிமிர்த்தி, படுக்க வைக்காமல். மூடியைத் துணிக்கயிற்றால் கட்டி, நின்ற நிலையிலேயே ஏற்றி, சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். பழைய கம்பளி நாலு கேளுங்கள். ஓட்டுநருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்களும் முன் இருக்கையில் ஏறிக்கொள்ளுங்கள்.